பயத்தங்காய்க்கு விலை வைத்த கூட்டம்

கம்பத்தில் சாயங்காலம் லாரியில் ஏற்றிய காய்கறி, ராத்திரியோடு ராத்திரியாகக் குமுளி மலை ஏறி இறங்கினால், விடியும்போது கோட்டயம் சந்தையில் இருக்கும். முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி, பயத்தங்காய். கேரளத்து அடுப்புகள் நம் பக்கத்துக் காயை நம்பி எரிவது ஒன்றும் ரகசியம் இல்லை. கோட்டயத்திலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் குமரகம், வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரை. 1990களில் அங்கே விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2000 டிசம்பர் கடைசியில் பிரதமர் வாஜ்பாய் அங்கே ஓய்வெடுக்க வந்தார். சும்மா இருக்கவில்லை, நாட்டு நடப்பைப் பற்றி அங்கிருந்தே கட்டுரை எழுதி வெளியிட்டார். குமரகம் என்ற பெயர் டெல்லிப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது.

அந்த நாட்களில் விடுதி மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரிந்திருக்கும். மதிலுக்கு உள்ளே சமையலறையில் வெந்துகொண்டிருப்பது சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி வந்த பயத்தங்காய். மதிலுக்கு வெளியே, பத்தடி தள்ளி இருக்கும் வீட்டின் கொல்லையில் காய்த்துத் தொங்கிய பயத்தங்காய்க்கு விலை கேட்க ஆள் இல்லை.

சுற்றுலாவைப் பற்றிப் படித்தவர்கள் இதற்குக் கசிவு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். விருந்தாளி ஊருக்குள் கொண்டுவரும் பணம், வந்த வேகத்தில் ஊரை விட்டு ஒழுகிப் போவது. காய்க்காகக் கம்பத்துக்கு, மதுவுக்காகப் பெங்களூருக்கு, மேலாளர் சம்பளமாக மும்பைக்கு, லாபமாக முதலாளி இருக்கும் ஊருக்கு. உள்ளூருக்கு மிஞ்சுவது தோட்டவேலை, துணி துவைக்கும் வேலை, அப்புறம் குப்பை. குமரகத்தில் கோபம் வந்ததும் இங்கேதான். பரம்பரையாக மீன்பிடிக்கப் போன காயல்கரைப் பாதையை மறித்து மதில் எழுந்தது. வயல் தூர்க்கப்பட்டது. கழிவு காயலில் கலந்தது. விடுதி வாசலில் கொடி பிடித்துப் போராட்டமும் நடந்தது.

ஒரு வட்டாரத்தில் சுற்றுலா வளர்வதற்குக் கூட்டு முயற்சியும் புதுமையும் வேண்டும் என்று எல்லா அரசு அறிக்கைகளும் சொல்லும். புதுமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது செயலி, ஒளிக்காட்சி, கண்ணாடிப் பாலம். கேரளத்தில் குமரகம், ஆலப்புழை, தேக்கடி என்ற மூன்று ஊர்க் கதைகளைப் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே நடந்த பெரிய புதுமை, யார் யாரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. குமரகத்தில் அந்த மேசையில் இருந்த பொருள் பயத்தங்காய்.

2008 மார்ச்சில் கொச்சியில் பொறுப்புச் சுற்றுலா பற்றிய சர்வதேச மாநாடு நடந்தது. 2002இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடந்ததன் தொடர்ச்சி. சுற்றுலா என்பது முதலில் அங்கே வாழ்கிறவர்களுக்கு நல்ல இடத்தை உண்டாக்க வேண்டும், வருகிறவர்களுக்கு நல்ல இடம் பிறகு தானாக அமையும் என்பது அதன் சாரம். மாநாடுகளில் எவ்வளவோ பேசுகிறோம், டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். கேரள அரசு அப்படி விட்டுவிடவில்லை. குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் என்று நான்கு ஊர்களைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. நான்கில் முதலில் தேறியது குமரகம்.

செய்தது என்ன? விடுதிகள் உள்ளூர்ப் பெண்களிடம் காய் வாங்க வேண்டும். கேட்க எளிது. விடுதிக்காரர்களுக்கு மனசில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நூறு பேருக்குச் சோறு போடும் சமையல்காரருக்குத் தினமும் ஒரே அளவில், ஒரே தரத்தில் காய் வேண்டும். பில் வேண்டும். மாதக் கடைசியில் காசோலை கொடுப்பார். கொல்லையில் நாலு கொடி வைத்திருக்கும் பெண்ணிடம் செவ்வாய்க்கிழமை மூன்று கிலோ இருக்கும், புதன்கிழமை கால் கிலோகூட இருக்காது. பில் புத்தகம் கிடையாது. காசு அன்றைக்கே கையில் வந்தாக வேண்டும். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தாலும் இந்த வியாபாரம் நடக்காது.

அதனால் இடையில் சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தரிசாகக் கிடந்த நிலத்தையும் சேர்த்துப் பயிர் வைத்தார்கள். விளைந்ததை ஓரிடத்தில் வாங்கி, விடுதிகளுக்குப் பிரித்து அனுப்ப ஒரு கொள்முதல் கடை. அதையும் பெண்களே நடத்தினார்கள். விலை வைக்க ஒரு குழு. அதில் பஞ்சாயத்துக்காரர்கள், பயிரிடும் பெண்களின் பிரதிநிதிகள், விடுதிகளின் கொள்முதல் அதிகாரிகள் எல்லாரும் இருந்தார்கள். சந்தையில் விலை காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கும். இங்கே கூடிப் பேசி வைத்த விலை கொஞ்ச காலத்துக்கு நிற்கும். தரத்தைப் பார்க்க இன்னொரு குழு. முற்றிய வெண்டைக்காய் வந்தால் சமையல்காரர் திட்டுவதற்குப் பதில் அந்தக் குழுவிடம் சொன்னார்.

எடுத்த எடுப்பில் ஓடிவிடவில்லை. ஆரம்ப மாதங்கள் தடுமாற்றம்தான். எல்லாக் குழுவும் ஒரே சமயத்தில் ஒரே காயைப் போட்டால் அறுவடையும் ஒரே வாரத்தில் வந்து குவியும். விடுதி வாங்கி முடியாது. அடுத்த வாரம் விடுதி கேட்கும்போது கொடியில் பூதான் இருக்கும். இந்த அடி பட்ட பிறகுதான் பயிர் நாட்காட்டி என்ற யோசனை வந்தது. எந்தக் குழு எந்தக் காயை எந்த வாரம் விதைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. விடுதியில் எந்த மாதம் கூட்டம், எந்த மாதம் காலி என்பதையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். விவசாய அலுவலகமும் ஓட்டல் முன்பதிவும் ஒரே தாளில் சந்தித்த இடம் இது. எனக்குக் கேட்டால், கேரளச் சுற்றுலாவின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இந்தத் தாள்தான். விளம்பரத்தில் போட முடியாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

இதை அப்படியே பெயர்த்து வேறு ஊரில் நட்டால் முளைக்குமா? சுலபம் இல்லை. குமரகத்தில் விதை விழுந்தபோது நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. பஞ்சாயத்துத் தலைவர் என்றால் கையில் காசும் அதிகாரமும் உள்ளவர். 1998இல் குடும்பஸ்ரீ வந்தது. பத்துப் பதினைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம், அவை சேர்ந்த வார்டு அமைப்பு, அவை சேர்ந்த பஞ்சாயத்து அளவு அமைப்பு என்று மூன்று படி. பத்து வருஷம் வாரா வாரம் கூடிச் சேமிப்புக் கணக்குப் பார்த்துப் பழகிய பெண்கள்தான் 2008இல் ஓட்டல் அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து, இந்த விலைக்குக் கட்டாது என்றார்கள். நட்சத்திர ஓட்டல்காரரிடம் அப்படிச் சொல்லும் வாய் ஒரே நாளில் வராது.

காய்க்குப் பிறகு வந்தது கிராம வாழ்க்கை அனுபவம் என்ற அரைநாள் பயணம். விடுதியில் தங்கியவர்களைத் தோணியில் ஏற்றி ஊருக்குள் கூட்டிப்போவது. கள் இறக்குபவர் மரம் ஏறுவார். வீச்சுவலை விரிப்பார்கள். தென்னங்கீற்று முடைவார்கள். கயிறு திரிக்கும் இடத்தில் ஒரு பெண் ராட்டையைச் சுற்றுவார். மற்ற இருவர் இடுப்பு மடியில் தேங்காய்நாரைச் செருகிக்கொண்டு, விரலால் நாரை விட்டுக்கொண்டே பின்னாலேயே நடந்து போவார்கள். நடக்க நடக்கக் கயிறு நீளும். விருந்தாளியைத் திரிக்கச் சொன்னால் நாலாவது அடியில் நார் அறுந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பழிவாங்கலும் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டணத்தில் பங்கு உண்டு.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. கயிற்றை விற்பதைவிடக் கயிறு திரிப்பதைக் காட்டுவது லாபம் என்றால், நாளைக்கு அந்தத் தொழில் வெறும் காட்சியாக மட்டும் மிஞ்சும். வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் கேமராவும் தொந்தரவுதான். ஆனால் யார் வீட்டுக்குப் போவது, எத்தனை பேரைக் கூட்டிப்போவது என்பதை அந்த வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டம் முடிவு செய்தால், முடியாது என்று சொல்லவும் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது.

ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு 2013ஆம் ஆண்டுக்கான யுலிசிஸ் விருதைக் குமரகம் திட்டத்துக்காகக் கேரளத்துக்குக் கொடுத்தது. பொதுக் கொள்கையிலும் நிர்வாகத்திலும் புதுமை என்ற பிரிவில் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2017இல் மாநிலம் முழுக்கப் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் என்று தனி அமைப்பு வந்தது. பக்கத்து ஊரான அய்மனம் அந்த வழியில் அடுத்த பெயராக வளர்ந்தது.

மேசை இல்லாத காயல்

குமரகத்துக்கு எதிர்க்கரை ஆலப்புழை. அங்கே நடந்தது வேறு மாதிரி.

கெட்டுவள்ளம் என்பதில் வரும் 'கெட்டு' நம் 'கட்டு'தான். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் வரிந்து கட்டி, முந்திரிக்கொட்டையிலிருந்து எடுத்த கறுப்புப் பிசினைப் பூசிச் செய்த சரக்குத் தோணி. நாகர்கோவில் பக்கம் ஆஞ்சிலி மரத்தை அயனி என்பார்கள். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிப்போனது இந்த வள்ளம்தான். அப்புறம் பாலங்கள் வந்தன, லாரி வந்தது. வள்ளங்கள் கரையில் கிடந்து மக்கின.

1990களின் தொடக்கத்தில் டூர் இந்தியா நிறுவனத்தின் பாபு வர்கீசும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த வள்ளத்தின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை போட்டு, உள்ளே கட்டிலும் குளியலறையும் சமையலறையும் வைத்தார்கள். செத்துக்கொண்டிருந்த தச்சுத்தொழில் உயிர்பெற்றது. நெல் ஏற்றியவர்களின் பிள்ளைகள் படகோட்டிகளாகவும் சமையல்காரர்களாகவும் ஆனார்கள். 1989 வாக்கில் பிறந்த 'கடவுளின் சொந்த நாடு' என்ற வாசகத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. படகுவீடு அந்தப் படம் ஆனது. புதுமை என்று எதைச் சொன்னாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பழைய பொருளைப் பார்த்து, இதற்குள் தூங்கலாமே என்று தோன்றுவது சாதாரண மூளை இல்லை.

ஆனால் நல்ல யோசனைக்கு வேலி கிடையாது. ஒருவர் செய்தார், பத்துப் பேர் பார்த்தார்கள், நூறு பேர் கடன் வாங்கினார்கள். படகுவீடுகள் ஆயிரத்தை எட்டின. ஒரு படுக்கையறை மூன்றாகி, மேல்மாடி வந்து, குளிர்சாதனம் வந்தது. குளிர்சாதனத்துக்கு ராத்திரி முழுக்க டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். எத்தனை படகு போதும் என்று கேட்க யாரும் எல்லாரையும் கூட்டவில்லை. சரி, கூட்டியிருந்தால் மட்டும் சுலபமாக முடிந்திருக்குமா என்றால் அதுவும் இல்லை. அந்தக் காயலில் சிக்கல் படகில் தொடங்கவில்லை.

வேம்பநாட்டுக் காயலின் நடுவே தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் 1970களின் நடுவில் ஒரு தடுப்பணை வந்தது. குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. கோடையில் கடல்நீர் ஏறினால் பயிர் போய்விடும். அதனால் டிசம்பர் நடுவில் மதகுகளை மூடி, மார்ச் நடுவில் திறப்பது கணக்கு. விவசாயிக்கு மூடி இருக்க வேண்டும், இன்னும் கொஞ்சநாள் இருந்தாலும் நல்லது. மீனவருக்குத் திறந்திருக்க வேண்டும். உப்புநீர் ஏறி இறங்கினால்தான் இறாலும் மீனும் உள்ளே வரும், ஆகாயத்தாமரையும் சாகும். திறக்கும் தேதிக்காக இரண்டு தரப்பும் ஆண்டுதோறும் இழுபறி. இதற்கு நடுவே மூன்றாவதாக வந்து சேர்ந்தவை படகுவீடுகள். வெளிநாட்டார் அதிகம் வரும் மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும் பிப்ரவரியும். அதாவது மதகு மூடி, தண்ணீர் நகராமல் நிற்கும் அதே மாதங்கள். கழிப்பறைத் தண்ணீரும் டீசல் படலமும் அதிகம் சேரும் காலமும், அவை வெளியேற வழியில்லாத காலமும் ஒன்றே. இதை யாரும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. மூன்று துறைகள் மூன்று நாட்காட்டி வைத்திருந்தன, அவ்வளவுதான். குமரகத்துப் பயத்தங்காய்க்கு வாய்த்த ஒரே தாள் இந்தக் காயலுக்கு வாய்க்கவில்லை.

வேம்பநாடு 2002இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இந்தக் காயலில் கிடைக்கும் கரிமீன் 2010இல் மாநில மீன் ஆனது. பட்டியலும் பட்டமும் தண்ணீரை அசைப்பதில்லை. கொஞ்சம் நம்பிக்கை தருவது சின்ன விஷயங்கள். ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம் மீனவர்களோடு சேர்ந்து காயல் பாதுகாப்புக் குழுக்களை அமைத்தது. 2008 முதல் மாணவர்களும் மீனவர்களும் படகேறி, காயலில் என்னென்ன மீன் இருக்கிறது என்று கணக்கெடுத்து வருகிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்கிற எண் ஒன்று இருந்தால் சண்டையாவது அதைவைத்து நடக்கும்.

வள்ளங்கள் விஷயத்தில் கூட்டு வேலை நன்றாகக் கூடிவந்த இடமும் உண்டு. 1952இல் நேரு வந்ததில் தொடங்கிய ஆலப்புழை நேரு கோப்பையோடு, ஊர் ஊராக நடந்த சுண்டன்வள்ள (பாம்புப் படகு) போட்டிகளை 2019இல் சாம்பியன்ஸ் படகு லீக் என்று ஒரே தொடராகக் கோத்தார்கள். ஒன்பது அணி, பன்னிரண்டு இடம். படகு ஊருக்குச் சொந்தம், துடுப்புப் போடுவது உள்ளூர்க் கழகம். அங்கே மேசை ஏற்கெனவே இருந்தது. அரசு ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

திருடனுக்கும் ஒரு நாற்காலி

தேக்கடி நமக்குப் பக்கத்து வீடு. அங்கே படகு ஓடும் ஏரி, 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய தண்ணீர். அதைச் சுற்றிய காடு 1978இல் பெரியாறு புலிகள் காப்பகம் ஆனது. இன்று 925 சதுர கிலோமீட்டர்.

1990களில் அந்தக் காட்டுக்குள் வயணப் பட்டை உரிக்கும் கூட்டம் ஒன்று இருந்தது. வயணம் என்பது காட்டு இலவங்க வகை. ராத்திரியில் போய் மரத்தை வெட்டிப் பட்டையை உரித்து, தலைச்சுமையாக எல்லை தாண்டி விற்பார்கள். கூடவே சந்தனமும் வேட்டையும். வனத்துறை பிடிக்கும், வழக்குப் போடும், ஜாமீனில் வந்தவர் மறுபடி காட்டுக்குப் போவார். வக்கீல் செலவுக்கும் சேர்த்து உரிக்க வேண்டியிருக்குமே!

1996 வாக்கில் உலக வங்கி நிதியோடு இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஏழு காப்பகங்களில் தொடங்கியது. பெரியாறு அதில் ஒன்று. வனத்துறை அதிகாரிகள் அந்தக் கூட்டத்தோடு பேச உட்கார்ந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சரணடைந்து, 'முன்னாள் வயணப்பட்டை உரிப்போர்' என்ற பெயரிலேயே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள். பெயரில் பழைய தொழிலை மறைக்காமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். யோசித்துப் பார்த்தால் அதுதான் அவர்களுடைய தகுதிச் சான்றிதழ். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், யானை எந்த வழியில் இறங்கும், வெளியாள் நுழைந்தால் எங்கே ஒதுங்குவான் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அவர்களே பயணிகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்கும் 'டைகர் டிரெயில்' வந்தது. இரவு காட்டில் கூடாரம். அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால்வரை துணி உறை மாட்டிவிடுவார்கள். துப்பாக்கியோடு ஒரு காவலர் கூட வருவார். நாம் புலியைத் தேடிக்கொண்டிருப்போம்; வழிகாட்டியின் கண் தரையில் வெட்டுக்கத்தித் தடத்தைத் தேடிக்கொண்டிருக்கும். சுற்றுலா நடக்கும் அதே அடியில் ரோந்தும் நடந்துவிடுகிறது. தனியாக ரோந்துக்குச் சம்பளம் போட்டால் அரசால் தாங்க முடியாது. தனியாகச் சுற்றுலா நடத்தினால் காடு தாங்காது. வரும் கட்டணத்தில் நடந்தவர்களுக்குக் கூலி போக மீதி பொதுநிதிக்கு.

அதே மாதிரி மன்னான், பளியர் குடிகளிலிருந்து வழிகாட்டிகள். மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடக்கும் பயணம். மிளகு விளைந்தும் வியாபாரியிடம் பட்ட கடனில் மூழ்கிக் கிடந்த பழங்குடிக் குடும்பங்களின் கடனைத் தீர்த்து, அவர்களே சேர்ந்து விற்கும் ஏற்பாடு. சபரிமலைப் பாதையில் கடைபோடுவோருக்குக் குழு. 2002 முதல் ஒரு காசு வாங்காமல் முறைவைத்துக் காட்டைச் சுற்றிவரும் வசந்தசேனை என்ற பெண்கள் அணி. மொத்தம் எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள். நம் பக்கத்து ஆட்களும் இதில் உண்டு. கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் மேய்த்தவர்களுக்கும் ஒரு குழு இருந்தது. தேக்கடியில் சீட்டு வாங்கி, மலை இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டியில் வயல் பார்க்கும் பயணமும் சேர்ந்தது. கேரள வனத்துறையின் திட்டம், தமிழ்நாட்டுக் காளை, வாய்க்காலில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். அதே அணையின் நீர்மட்டத்துக்காக இரண்டு அரசும் உச்ச நீதிமன்றத்தில் முட்டிக்கொண்டிருந்தன. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் தீர்ப்பு வந்தது.

திட்டம் என்றால் முடிவுத்தேதி உண்டு. 2004இல் வெளிநாட்டு நிதி நின்றது. இந்த மாதிரித் திட்டங்கள் செத்துப்போவது வழக்கமாக அந்தத் தேதியில்தான். பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கும். பெரியாற்றில் அதற்கு முன்பே யோசித்திருந்தார்கள். பெரியாறு அறக்கட்டளை என்ற அமைப்பை உண்டாக்கி, பயணிகளிடம் நுழைவுச்சீட்டோடு ஒரு சிறு கூடுதல் கட்டணம் வாங்கி அதில் சேர்த்தார்கள். காட்டைப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் காசு திருவனந்தபுரத்துக் கருவூலத்துக்குப் போய்த் தொலையாமல் காட்டுக்கே திரும்பும். 2006இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, எல்லாப் புலிகள் காப்பகமும் இப்படி ஓர் அறக்கட்டளை வைக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. முண்டந்துறையிலும் ஆனைமலையிலும் இன்று இருப்பவை அந்த வழியில் வந்தவை.

தேக்கடியில் எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள் என்று அப்போது செய்திகள் சொன்னன. காட்டுக்குள் அழைத்துப்போகும் குழுவில் சிலரைத்தான் சேர்ப்பார்கள். அந்தப் படகில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள். ஒரே ஏரி, ஒரே யானை.

மலைக்கு இந்தப் பக்கம்

நம் பக்கம் பெண்கள் குழுவே இல்லையா என்று கேட்டால், கேரளத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1989இல் தர்மபுரியில் ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. குடும்பஸ்ரீக்கு ஒன்பது வருஷம் மூத்தது. சேமிப்பும் கடனும் திருப்பிக் கட்டுவதும் நம் பெண்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பஞ்சாயத்தும் ஓட்டல்காரரும் அவர்களோடு ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து விலை பேசிய கதைதான் இங்கே அரிது.

ஆடி மாதம் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் போய்ப் பாருங்கள். சூரியகாந்தி பூத்ததும் மலையாள வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். நமக்கு அது எண்ணெய் வித்து. அவர்களுக்கு ஓணத்துக்கு முன் ஒரு படம். வரப்பில் நின்று எடுப்பவர் நாலு பேர் என்றால் செடிக்குள் இறங்கி எடுப்பவர் நாற்பது பேர். சில விவசாயிகள் கயிறு கட்டித் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க ஆரம்பித்தார்கள். அதைப் பேராசை என்று சிலர் எழுதினார்கள். மிதிபட்ட செடிக்கு வேறு யார் காசு கொடுப்பது? ஆனால் பக்கத்து வயல்காரர் கயிறு கட்டாவிட்டால் கூட்டம் அங்கே போகும். எல்லாரும் சேர்ந்து பேசினால்தான் கயிறு நிற்கும். அடுத்த வருஷம் இந்த வயலில் சூரியகாந்தி போடுவதா வேறு போடுவதா என்பதுகூடச் சுற்றுலாவை வைத்துப் பேச வேண்டிய விஷயம். கழிப்பறை எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது என்பது அப்புறம்.

கம்பத்திலும் இதே கதை, கொஞ்சம் நிதானமாக. பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அறுவடை உண்டு என்பதால், எப்போது வந்தாலும் ஏதாவது ஒரு பந்தலில் கொத்துத் தொங்கும். தேக்கடியில் தங்குகிறவர்கள் ஜீப் பிடித்து இறங்கி வந்து, பந்தலுக்குக் கீழே நின்று படம் எடுத்து, சாறு குடித்து, ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போவது என்பதை ஜீப் ஓட்டுபவர் முடிவு செய்கிறார். எந்த வாரம் யார் தோட்டத்தில் பழம் இருக்கும் என்று எழுதிய தாள் எதுவும் என் கண்ணில் படவில்லை. ராத்திரி தங்குவது மேலே, சாப்பாடு மேலே.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வளைவுகளில் சாயங்காலம் நின்றால், திராட்சை பார்த்துவிட்டுத் திரும்பும் ஜீப்புகளும் சந்தைக்குப் போகும் லாரிகளும் முன்னும் பின்னுமாக ஒரே மலை ஏறிப் போவதைப் பார்க்கலாம். ஜீப்பில் இருப்பவர்கள் அன்றைக்கு ராத்திரி குமுளியில் ஏதாவது ஓர் ஓட்டலில் சாப்பிடுவார்கள். தட்டில் வரும் பயத்தங்காய் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிற அந்த லாரியில் இருந்ததாகக்கூட இருக்கும்.